மியூசியத்துக்குப் போன கறிப்போசி

கணவன்மார் சொல்லும் கதைகளில் மனைவிக்குக் கோமாளி வேஷம்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் கதையில், நான் ஜெர்மனியில் ஒரு மியூசியத்தையே காலி செய்தவள். காலி செய்தது உண்மைதான். ஆனால் தனியாளாகச் செய்யவில்லை.

அவர் வேலைக்காகத்தான் அங்கே குடியிருந்தோம். நான் எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, அந்தக் குளிரில் ஜமுக்காளம் காயுமா காயாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு ஹெல்கா அந்த ஊர் மியூசியத்தில் வேலை பார்த்தார். இந்தியக் கூடத்தைச் சுற்றிக்காட்ட ஆள் தேடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வா, மேலாளரிடம் அறிமுகம் செய்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் சனிக்கிழமை ஹெல்காவை வீட்டுக்கு அழைத்துப் பள்ளிபாளையம் சிக்கன் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். மசாலாப் பொடி எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். (வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போதும் என்று நம்மூர் ஓட்டல்காரர்களுக்கே புரியவில்லை, அவரைச் சொல்லி என்ன?) சாப்பிட்டதும் வள்ளிகும்மி ஆடினோம். கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் துடைப்பக்கட்டையால் அடியிலிருந்து தளத்தை இடித்தார். நான் அதைத் தாளம் என்று நினைத்து இன்னும் ஓங்கி மிதித்தேன்.

மீதிக் கறியை ஹெல்கா ஆசையாகக் கேட்டிருந்தார். மறுநாள் தூக்குப்போசியில் (தூக்குச்சட்டிதான்) எடுத்துவைத்தேன். கறியை வெளியே கொண்டுபோனால் காத்துக்கருப்பு அண்டாமலிருக்கக் கரித்துண்டோ இரும்போ கூட வைப்பது எங்கள் பக்க வழக்கம்.

"ஏனுங்க, ஒரு கரித்துண்டு கெடைக்குமாங்க?"

"இந்த ஊர்ல கரிக்கு எங்க புள்ள போறது? இரு, வாரேன்."

அவருடையது போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக் குடும்பம். டூல்ஸ் பெட்டி இல்லாமல் கடல் தாண்ட மாட்டார்கள். இரண்டு போல்ட்டைக் கொண்டுவந்து, உருளாமலிருக்க ஒயரால் போசியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். (கவனியுங்கள்: போல்ட், ஒயர், கட்டு எல்லாமே அவர் கைவேலை.)

இரண்டு பேருமாக மியூசியத்துக்குப் போனோம். இந்தியக் கூடத்து வாசலில் இருந்தே உள்ளே முருகன் சிலை தெரிந்தது.

"கறிய வெச்சுக்கிட்டு எப்படிங்க சாமிகிட்டப் போறது?"

"அப்படி ஓரமா வெச்சுட்டு வா. செருப்பையும் கழட்டிரு."

கதவோரம் என் செருப்பு, அவர் ஷூ, நடுவில் போசி. உள்ளே போய்க் கண்ணை மூடி, வேலை கிடைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். (அவருக்குத்தான்.) கண்ணைத் திறப்பதற்குள் சைரன் அலறியது. காவலாளி எல்லோரையும் பின்கதவு வழியாக விரட்டினார். ஈரக் கல்தரையில் நான் வெறுங்காலோடும் அவர் சாக்ஸோடும் நின்றோம். போலீஸ் வந்தது. மேலாளரம்மாவோடு ஹெல்கா ஓடிவந்தார்.

"யாரோ இரும்புச் சாமானில் ஒயர் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வெடிகுண்டாம்" என்றார் ஹெல்கா.

இவரைப் பார்த்தேன். இவர் வானத்தைப் பார்த்தார்.

"ஐயோ, அது கோழிக்கறிங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேலாளரம்மா பொறுமையாகத்தான் கேட்டார், "சரி, போல்ட் எதற்கு?"

"பேய்க்கு" என்றேன். வரலாறு படித்த வாயில் வேறு பதிலே வரவில்லை.

மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார். அந்த வேலைக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன். சாமியை விளக்கில்லாமல், பூவில்லாமல் நிற்க வைத்தவர்களுக்கு வெட்கமில்லையாம், மரியாதை தெரிந்து கறியை வெளியே வைத்த நான் மட்டும் தலைகுனிய வேண்டுமாம்! நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கூடத்து வாசலில் அடுத்த மாதமே ஓர் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டார்கள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு தூக்குப்போசி, குறுக்கே சிவப்புக் கோடு. ஐரோப்பா சுற்றப் போகும் எங்கள் சொந்தக்காரர்கள் கட்டாயம் அங்கே போய், அதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போடுகிறார்கள். இவர்தான் முதல் ஆளாகச் சிரிப்புப் பொம்மை அனுப்புகிறார். நானும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். போல்ட்டும் இல்லை, ஒயரும் இல்லை. அவர் ஷூவைக்கூட வரையவில்லை!