இரண்டு விரல் அத்தான்

தொட்டுச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி, "ம்ஹும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

இந்தக் கதையின் மைத்துனனுக்கு அப்படி வாய்த்தவர் அவனுடைய அக்காவின் கணவர். அவன் வேலை பார்க்கும் கம்பளி ஆலையின் மேற்பார்வையாளரும் அவரே. கத்தரித்து வந்த ரோமத்தைத் தொட்டு ஆட்டின் வயதைச் சொல்வார்; அதைப் பிசுக்குப் போகக் கழுவி, சிக்கெடுத்து, நூலாக்கி, தறியில் ஏற்றும்வரை இடத்துக்கு இடம் நின்று தேய்ப்பார்; வீட்டுக்குப் போனால் தலையணை உறை, குழந்தையின் கன்னம். ஆடுகள் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

மூன்று வருஷம் கழுவும் தொட்டியில் ஆட்டு நாற்றத்தோடு நின்ற மைத்துனனுக்கு அப்போதுதான் இறுக்கும் இயந்திரம் கிடைத்திருந்தது. நெய்த கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் அடித்துச் சுருக்கினால்தான் கோட்டுத் துணியாகும். துணியில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு சிவப்பு நூல் தைத்திருக்கும். அந்த இடைவெளி முக்கால் முழமானதும் துணியை எடுத்துவிட வேண்டும். சுருங்கிய கம்பளி திரும்ப விரியாது.

அன்று இயந்திரத்தில் ஓடியது, விற்பனைக்குக் காட்டும் மாதிரித் துணி. பதினொரு மணிக்கு வாங்குகிறவர் வருகிறார். மைத்துனன் இயந்திரத்தை நிறுத்தி அளவுகோலை எடுத்தான்.

"அதைக் கீழ வை. அளந்து பார்த்தா உங்க அக்காவைக் கட்டினேன்?"

"முக்கால் வந்துடுச்சு போல இருக்கு, அத்தான்..."

அத்தான் ஈர ஓரத்தைத் தேய்த்தார். கண்ணை மூடினார். "இன்னும் பத்து நிமிஷம் ஓட்டு. துணி எங்கிட்ட பேசுது."

பத்து நிமிஷமும் அவர்தான் பேசினார்: மலை ஆடு, சமவெளி ஆடு, வித்தியாசங்கள். வெளியே எடுத்தபோது நூல்களுக்கு நடுவே அரை முழம். துணியை நிமிர்த்தி வைத்தால் நின்றது.

அத்தான் தேய்த்தார். "ஆடு சரியில்ல."

"நீங்கதானே தொட்டுப் பார்த்து அருமையான ஆடுன்னீங்க?"

"அது இடது கை."

வாங்குகிறவர் தேய்த்தெல்லாம் பார்க்கவில்லை. கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மைத்துனன் பழைய தொட்டியில் நின்றான். அத்தான் ஆறுதல் சொல்ல வந்தார். அவன் உள்ளங்கையை எடுத்து இரண்டு விரலால் தேய்த்து, கண்ணை மூடி, "தொட்டிக்குன்னே பொறந்த கைடா இது" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே இந்தப் பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களே, தாள் எப்படி?