பதிமூன்று ஜோடிச் செருப்பு

தவளைதான் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயாலும் கெட்டேன், அது போதாதென்று காலாலும் கெட்டேன். (எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பட்டாசு ஆலையில் பெட்டி சுமந்து, போர்மேனாகி, இருபத்திரண்டு வருசம் கழித்து விஸ்வநத்தம் பக்கம் சொந்தமாக ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி போட்டேன். இன்றைக்குச் சாத்தூர்க் காராச்சேவு எந்த ஊருக்குப் போனாலும் என் பெட்டியில் ஏறித்தான் போகிறது. (எல்லாச் சேவும் இல்லை. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, அட்டையில் மடிப்புப் போடுகிற மிஷின் ஒன்று, பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேரும் நான் போர்மேனாக இருந்த ஆலையில் மருந்து செலுத்தியவர்கள். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. அவர்களில் மூத்தவள் பேச்சியம்மாள். தீப்பட்ட அவளுடைய இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் வேறு தொழில் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மிஷின் வங்கிக் கடனில் வாங்கியது. புதிதாகப் பத்துப் பேருக்காவது வேலை கொடுத்தால் அரசாங்கம் மானியம் தரும் என்று விருதுநகரில் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் கிடையாது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, ஆட்கள் வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்து எழுதவேண்டும், அதுதான் பாக்கி. மானியம் வராவிட்டால் தவணை கட்ட வழியில்லை, வங்கி மிஷினைத் தூக்கிவிடும். பன்னிரண்டு பேரும் திரும்ப மருந்துக்குத்தான் போகவேண்டும்.

அதிகாரி வருகிற அன்று காலையில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக நின்று பிரசங்கம் செய்தேன்.

“யாரும் பயப்படப்படாது. நம்மகிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. மேடம் வந்தா எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்க. மத்ததையெல்லாம் நான் பேசிக்கிறேன்.”

“அண்ணாச்சி, நீங்க பேசாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்” என்றாள் பேச்சியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருந்தன்மையோடு சிரித்தேன்.

அவ்வளவு பெரிய அதிகாரி காரில்தான் வருவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு ஓடைப் பாதையில் புழுதி எழும்பியது. புழுதிக்குள்ளிருந்து, அரசாங்கப் பலகை மாட்டிய ஒரு ஜீப் வந்தது.

என் வாய் என்னிடம் உத்தரவு கேட்கவில்லை.

“ஜீப்பு!”

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் அட்டையைப் போட்டது போட்டபடி பின்வாசல் வழியே பறந்துவிட்டார்கள். முன்னால் நான். வேட்டியை மடித்துக் கட்டினேனா, இடுப்பில் சுருட்டினேனா, நினைவில்லை. வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து, கால் கடைசியாக நின்ற இடம் கொட்டகையிலிருந்து அரை மைல் இருக்கும். அங்கே மூச்சு வாங்கும்போதுதான் புத்தி வந்து சேர்ந்தது.

ஏலே, நம்ம கம்பெனியை விட்டு நாம எதுக்குலே ஓடுறோம்?

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. காலில் செருப்பில்லை. உள்ளங்கால் முழுக்க முள்.

நான் நொண்டிக்கொண்டு திரும்பியபோது அதிகாரி அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். பெண்கள் எல்லாரும் எனக்கு முன்பே திரும்பிவந்து தலை குனிந்து நின்றார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பட்டாசு ஆலைக்குள் செருப்போடு போகக்கூடாது, மண் உரசினால் பொறி வரும். அட்டைக்கு அந்த பயமில்லை. ஆனாலும் ஒருத்தியும் செருப்போடு உள்ளே போனதில்லை. நானும் போனதில்லை.

“பதிமூணு ஜோடி இருக்கு. ஆளு பன்னிரண்டு. மிச்ச ஒண்ணு யாரோடது?” என்று அவர் கேட்டார்.

“அது அண்ணாச்சியோடதும்மா” என்றாள் பேச்சியம்மாள். “அவுக கொஞ்சம் தூரமா ஓடிட்டாக.”

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கிழிந்த சட்டை, முள்ளும் மண்ணுமாக வேட்டி. “நீங்கதான் ஓனரா? நீங்க எதுக்கு ஓடினீங்க?”

எல்லாவற்றையும் பேசிக்கொள்வதாகச் சொன்ன வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாள்தான் சொன்னாள்.

“மருந்து ரூமுல நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம்மா. எங்கள பத்துப் பேர வச்சிருந்தாக. செக்கிங் ஜீப்பு வந்தா ஆறு பேரு ஓடணும். எந்த ஆறு பேருன்னு நின்னு பேச நேரமேது? எல்லாருமே ஓடிருவோம். அப்படி ஓடுறப்ப மருந்துச் சட்டியைத் தட்டித்தான் இந்தக் கை போச்சு.”

“யாரு உங்களை அப்படி ஓடப் பழக்கினது?”

பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தாம்மா. அவ கை போன அன்னைக்கு ‘ஜீப்பு’ன்னு சத்தம் போட்டவனும் நான்தான்” என்றேன்.

மிஷின் போய்விட்டது என்றே நினைத்தேன். அதிகாரி கொஞ்ச நேரம் பேச்சியம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

“இங்க மருந்து இல்லையே. எல்லாரும் செருப்பைப் போட்டுக்கிட்டு உள்ள போங்க. நீங்க வேலை பார்க்கிறதைப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.”

செருப்போடு உள்ளே போக யாருக்கும் கால் வரவில்லை. பேச்சியம்மாள்தான் முதலில் போட்டுக்கொண்டு நிலையைத் தாண்டினாள். பின்னாலேயே பதினொரு பேர். சிமெண்டுத் தரையில் அத்தனை செருப்புச் சத்தத்தை அந்தக் கொட்டகை அன்றைக்குத்தான் கேட்டது.

மானியம் வந்தது. இன்றைக்கு என்னிடம் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், பேச்சியம்மாள் சூப்பர்வைசர். இந்த வட்டாரத்திலேயே ‘செருப்பு அணிந்து உள்ளே வரவும்’ என்று பலகை வைத்த ஒரே கம்பெனி என்னுடையதுதான். வீட்டு வாசலில் எந்த வண்டி ஆரன் அடித்தாலும் மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “மாமா, செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடுங்க!” சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது.

இப்போதும் வருசத்துக்கு ஒரு தடவை ஜீப் வரும். ஒருத்தியும் எழுந்திருப்பதில்லை. தலையை மட்டும் திருப்பி, நான் நாற்காலியில் இருக்கிறேனா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.