நான் டூப்பு என்று சொன்ன பை

ஒரு விஷயத்தில் நிபுணராவதற்கு அந்த விஷயத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று இருபத்துமூன்று வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் நிபுணராக இருந்த துறை, வெளிநாட்டு கம்பெனிகளின் விலையுயர்ந்த கைப்பைகள். அசலா, போலியா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். அசல் ஒன்றைக்கூட அதுவரை தொட்டதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

எம்.காம் முடித்துவிட்டு, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கைலாசபுரத்து குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்த காலம் அது. அப்பா தொழிற்சாலையில் ஃபோர்மேன். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் நான் போனைக் கையில் எடுப்பேன். (பரீட்சைப் புத்தகம் மடியில் இருக்கும். அதற்கும் ஒரு மரியாதை தர வேண்டுமல்லவா.) வெள்ளைக் கையுறை போட்ட யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் இரண்டு பைகளை மேஜைமேல் வைத்து விளக்குவாள். அசலில் தையல் ஒரே சீராக இருக்கும். ஜிப்பின் நாக்கு கனமாக இருக்கும். தோல் வாசனை வர வேண்டும். ரசாயன நெடி அடித்தால் போலி. இப்படி நூறு வீடியோவாவது பார்த்திருப்பேன்.

பயிற்சிக்கு மலைக்கோட்டைக் கடைவீதி இருந்தது. கடை கடையாக ஏறி, பையைப் புரட்டி, முகர்ந்து பார்த்து, "இது டூப்ளிகேட்" என்று அறிவிப்பேன். ஒரு கடைக்காரர் மிகவும் பொறுமையாக, "எல்லாமே ஃபர்ஸ்ட் காப்பிதாம்மா. போர்டுலயே எழுதித்தானே போட்டிருக்கேன், நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க?" என்று கேட்டார். என் தன்னம்பிக்கை இதற்கெல்லாம் அசைகிற ரகமில்லை. நான் போலி என்று சொன்ன அத்தனை பைகளும் போலியாகவே இருந்தன. நூற்றுக்கு நூறு. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

புகழ் குவார்ட்டர்ஸுக்குள் பரவியது. பக்கத்து பிளாக் மாமி ஒருவர், துபாயிலிருந்து மகன் வாங்கி வந்த பையை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். ஒரே நிமிடத்தில் தீர்ப்பு வழங்கினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அம்மா என்னைத் திட்டினாலும், உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு பெருமை இருந்தது என்று இன்றும் சந்தேகிக்கிறேன். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அப்படி ஒரு வேலைக்கு அனுப்பியிருப்பாளா?

அண்ணனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் போயிருந்தோம். அது ஏழாவது இடம். முந்தைய ஆறில் சிலதை நாங்கள் தட்டினோம், சிலதில் அவர்கள் எங்களைத் தட்டினார்கள். இந்தப் பெண் மஞ்சுளாவோடு அண்ணன் ஏற்கெனவே இரண்டுமுறை போனில் பேசியிருந்தான். காரில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, "இந்த இடத்துல மட்டும் யாரும் எதையும் கெடுத்துடாதீங்க" என்று பொதுவாகச் சொன்னான். பார்வை மட்டும் என்மேல் இருந்தது.

பெண் வீடு வடக்கு உத்தர வீதியில். மஞ்சுளாவின் அப்பா ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார், அமைதியான மனிதர். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்களோடு வந்திருந்த சென்னைச் சித்திதான், ஹாலில் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த ஒரு பழுப்பு நிறப் பையைப் பார்த்துவிட்டாள். யாரோ அதை எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோவதற்குள், சித்தி அம்மாவின் காதருகே குனிந்து, அது நிஜமாக இருந்தால் ஒரு ஸ்கூட்டரின் விலை என்று சொல்லி முடித்திருந்தாள்.

அம்மா முகம் மாறியது. நிஜமாக இருந்தால் பெண் ஊதாரி. டூப்பாக இருந்தால் பெண் பகட்டுக்காரி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல பெண் இருக்க வழியே இல்லை என்பதுபோல் அம்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கை கழுவுற மாதிரி உள்ள போயி, என்னன்னு பாத்துட்டு வா" என்றாள்.

என் வாழ்க்கையில் நிபுணர் என்ற முறையில் எனக்குக் கிடைத்த முதல் பணி அது. கடைசிப் பணியும் அதுதான்.

உள்ளறைக் கட்டிலின்மேல் பை இருந்தது. தையலை எண்ணினேன், ஓர் இடத்தில் நெருக்கமாகவும் ஓர் இடத்தில் தள்ளியும் இருந்தது. ஜிப்பை மூன்று தடவை இழுத்து மூடித் திறந்தேன். உள்ளே முத்திரை இருக்கிறதா என்று பார்க்க போன் டார்ச்சைப் போட்டேன். வெளிச்சம் போதாததால் தலையையும் உள்ளே விட்டேன். (பெரிய பை. என் தலை நன்றாகவே கொண்டது.) குப்பென்று ஒரு ரசாயன நெடி. கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்த அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏதாவது வேணுங்களா?"

வாசலில் பட்டுப்புடவையோடு மஞ்சுளா நின்றிருந்தாள். நான் பைக்குள் இருந்தபடியே, "தண்ணி" என்றேன்.

"தண்ணி அதுல இருக்காதுங்களே."

தலையை வெளியே எடுத்தேன். பை கூடவே வந்தது. மூன்று தடவை மூடித் திறந்ததில் என் துப்பட்டாவின் ஓரம் ஜிப்புக்குள் போய் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. இழுத்தேன். இன்னும் இறுகியது. கழுத்திலிருந்து பை தொங்க, கையில் டார்ச் எரிய, அண்ணனுக்கு மனைவியாக வரவேண்டியவள் எதிரில் நான் நின்றேன். ஏழாவது இடமும் போயிற்று, இந்தத் தடவை காரணம் நான் மட்டும்தான் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லா உண்மையையும் கொட்டினேன். சித்தி சொன்னது, அம்மா அனுப்பியது, வெள்ளைக் கையுறைப் பெண் வரைக்கும்.

மஞ்சுளா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, சொல்லுங்க. நிஜமா, டூப்பா?" என்று கேட்டாள். "எனக்கும் ரெண்டு வருஷமா தெரியல."

பெங்களூர் ஆபீஸில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த சுகந்தி மேடம் என்பவர், மகனோடு போய் இருப்பதற்காக வெளிநாடு கிளம்பும்போது அந்தப் பையைக் கொடுத்தாராம். நிஜமா என்று கேட்பது மரியாதையில்லை. நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வெளியில் எடுத்ததும் இல்லை. இன்று அவள் அம்மாதான், மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும் என்று நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறார்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிபுணர் குரலுக்குத் திரும்பினேன். தையல் சீராக இல்லை, உள்ளே ரசாயன நெடி, ஆகவே சந்தேகமே இல்லாமல் டூப்பு என்றேன்.

அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பார்த்தால், பெரிய நிம்மதி வந்தது. "அப்பாடா. இனிமே டிபன் பாக்ஸ் வச்சுக்கலாம்" என்றாள்.

ஹாலில் எங்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். துப்பட்டாவோ வருவதாக இல்லை. மஞ்சுளா அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். துப்பட்டாவை வெட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றேன். "புது துப்பட்டா, வெட்டினா எல்லாரும் கேப்பாங்க. இது டூப்புதானே" என்று சொல்லிக்கொண்டே பையின் ஜிப்பை இரண்டு பக்கமும் கரகரவென்று வெட்டி எடுத்துவிட்டாள்.

ஒரு முழ ஜிப் துப்பட்டாவில் தொங்க, அதைச் சுருட்டி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். புடவை மடிப்பைச் சரிசெய்யத் தன் உதவிக்கு நான் போனதாக மஞ்சுளா எல்லோரிடமும் சொன்னாள். ஆபீஸில் யாரோ கொடுத்த பை, அதுவும் டூப்பு என்று அம்மாவிடம் முணுமுணுத்தேன். ஊதாரியும் இல்லை, பகட்டும் இல்லை. அம்மா அன்று இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த தை மாதம் மஞ்சுளா எனக்கு அண்ணியானாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஸ்ரீரங்கத்திலேயே, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற வழியில் வீடு பிடித்தார்கள். ஜிப் இல்லாத அந்தப் பை அண்ணியின் தோளிலிருந்து இறங்கவே இல்லை. முதலில் டிபன் பாக்ஸ், பிறகு காய்கறி. சாம்பார் ஒருமுறை உள்ளே கவிழ்ந்தது. தேங்காய் எண்ணெய் ஒரு மூலையில் நிரந்தரமாகக் குடியேறியது. அண்ணன் அதில் வாழைப்பூ வாங்கி வருவான்.

மூன்று வருடம் கழித்து, சுகந்தி மேடம் ஊருக்கு வந்தவர் கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வந்தார். உதவிக்கு நானும் போயிருந்தேன். காபி சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்தவர் பார்வை சமையலறை ஆணியில் போய் நின்றது. அங்கே பை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நாலு முருங்கைக்காய் எட்டிப் பார்த்தன.

மேடம் எழுந்துபோய் அதைத் தடவிப் பார்த்தார். அவர் கணவர் இத்தாலிக்கு வேலையாகப் போனபோது, பல மாதம் பணம் சேர்த்து வைத்து அந்தக் கம்பெனியின் கடையிலேயே வாங்கி வந்ததாம். ரசீதுகூட இன்னும் இருக்கிறது என்றார். அடுத்த வருடமே கணவர் போய்விட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஆபீஸிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது மஞ்சுளா. அதனால்தான் பையை அவளுக்குக் கொடுத்தாராம். அண்ணி சாப்பாடு கொண்டுபோனதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஜிப் எங்கம்மா?" என்று மேடம் கேட்டார்.

அண்ணி வழக்கம்போல் என்னைக் காப்பாற்ற வாயைத் திறந்தாள். இந்தத் தடவை விடக்கூடாது என்று நான் முந்திக்கொண்டு, டூப்பு என்று சொன்னது நான்தான் என்றேன். எதை வைத்துச் சொன்னாய் என்று கேட்டார். தையல் சீராக இல்லை என்றேன். "கையால தைச்சதும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். ரசாயன நெடி என்றேன். "பீரோவுல நான் போட்டு வச்ச அந்துருண்டை" என்றார். அதற்குமேல் என்னிடம் சாட்சியம் எதுவும் இல்லை.

மேடம் எண்ணெய்க் கறையையும், முருங்கைக்காயையும் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இதைத் துணியில சுத்தி வச்சேனே தவிர, ஒருநாளும் தோள்ல மாட்டல. அவருக்கு அது பெரிய குறை. நீங்களாவது தினம் தூக்கினீங்களே" என்றார்.

அவர் போனபிறகு அண்ணியின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே, "நீ அன்னிக்கு நிஜம்னு சொல்லியிருந்தா நானும் துணியில சுத்தித்தான் வச்சிருப்பேன்டி. உங்கம்மா உங்கண்ணனுக்கு எட்டாவது இடம் பாத்திருப்பாங்க" என்றாள். இதற்கு மேல் அந்த விஷயத்தைக் குறையாக அவள் ஒருநாளும் பேசியதில்லை. அப்படிப்பட்டவள் என் வீட்டுக்கு வந்தது என் அறியாமையால் என்பதை நினைத்தால், நன்றியை அண்ணியிடம் சொல்வதா, வெள்ளைக் கையுறைப் பெண்ணிடம் சொல்வதா என்று தெரியவில்லை.

ஆனால் குடும்பம் அந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நான் எதை டூப்பு என்கிறேனோ, அது அசல். அப்பா வாங்கிவரும் தேன் போலி என்று நான் சந்தேகப்பட்டால், இன்னொரு பாட்டில் வாங்க உடனே கிளம்புவார். பிறகு என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். உட்கார்ந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பஜ்ஜிக்குச் சிரித்தார், அப்பாவின் தொழிற்சாலைக் கதைக்குச் சிரித்தார், மின்விசிறி நின்றுபோனதற்கும் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய், "அந்த ஆளு சிரிப்பு டூப்பு மாதிரி இருக்கு அண்ணி" என்று கிசுகிசுத்தேன்.

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு நேராக ஹாலுக்குப் போனாள். "மாமா, நல்ல இடம். பேசி முடிச்சுடுங்க" என்றாள்.

ஆறு வருடமாகிறது. மனிதர் இன்னும் அப்படியேதான் சிரிக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர், டூப்பு மாப்பிள்ளை.