முப்பத்தேழு பார்த்த பெண்

எருத்தேன்பதி முதல் வாளையார் வரை, புரோலின் என்ற அமினோ அமிலத்துக்காகச் சோறு தண்ணீர் மறந்து கிடந்த ஒரே மனிதர் எங்கள் முப்பத்தேழுதான். எழுபதுகளில் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவர் கெமிஸ்ட்ரி லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். நான் ஆபீஸ் கிளார்க். இருவருக்கும் ஒரே வாடகை அறை.

மரபுக் குறியீட்டில் மூன்றெழுத்துச் சொற்கள் அறுபத்துநாலு. அவை குறிப்பதோ இருபதே இருபது அமினோ அமிலங்களை. இது அவர் எனக்குச் சொன்னது. அந்த இருபதுக்கும் உடம்பு ஒன்றுதான், வால்தான் வேறு வேறாம். உடம்பில் உள்ள அணுக்களின் எடையைக் கூட்டினால் எழுபத்துநாலு. அதாவது இரண்டு முப்பத்தேழு. முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால் நூற்றுப்பதினொன்று, ஆறால் பெருக்கினால் இருநூற்றிருபத்திரண்டு. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் உயிரைச் செய்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சந்தேகம். பஸ் டிக்கெட் நம்பரைக்கூட முப்பத்தேழால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் சாய்வார்; அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

பத்தொன்பது அமிலங்கள் ஒழுங்காக நின்றன. புரோலினில் மட்டும் எழுபத்துமூன்று வந்தது. அதன் வால் வளைந்து உடம்பிலேயே ஒட்டிக்கொண்டதில் ஒரு ஹைட்ரஜன் குறைந்துவிட்டதாம். மூன்று மாதம் மனிதர் இழவு வீட்டுக்காரர் மாதிரி நடமாடினார்.

அந்த நிலையில்தான் எருத்தேன்பதியில் பெண் பார்க்கப் போனோம். பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏதாவது பேசுங்கள் என்றார் அவள் தகப்பனார். இவர் புரோலினைப் பேசினார். பஜ்ஜித் தட்டில் எண்ணெயைத் தொட்டு உடம்பும் வாலும் வரைந்தார். தகப்பனார் என்னைப் பார்த்தார்; நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, வாலுல இருக்கறதுல ஒண்ணெ எடுத்து உடம்புல வெச்சுக்கிட்டா ஆகாதுங்களா?"

"இயற்கை அப்படி வெக்கிலீங்களே. நாமதான வெக்கறோம்?"

"எண்ணிப் பாக்கறதும் நாமதானுங்களே."

முப்பத்தேழு எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். பையனுக்கு ஏதாவது கோளாறா என்று தகப்பனார் கேட்டார். சந்தோஷம் வந்தால் அவர் இப்படித்தான் என்று சமாளித்துவிட்டு, செருப்பை நான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த மாதமே, புரோலினில் அவள் சொன்னபடி ஒன்றை வாலிலிருந்து உடம்புக்கு மாற்றிக் கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். எல்லாம் தற்செயல் என்று இரண்டு வரியில் திரும்பி வந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் அவள் பெயர். கேட்டால், கண்டுபிடித்தது அந்த டீச்சர்தானே என்றார்.

திரும்பி வந்த அந்தக் கட்டுரையை நானே எருத்தேன்பதிக்குக் கொண்டுபோனேன். தகப்பனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் வாங்கி வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். தையில் கல்யாணம்.

அறையில் நான் தனியாளானேன். வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, முப்பத்தேழின் கட்டில் கிடந்த பக்கத்துச் சுவர் முழுக்கப் பென்சில் கணக்கு. ஒரு வரிகூட எனக்குப் புரியாது. அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.