வரிசை ஒழிப்புத் திறப்பு விழா

ஒரு காட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. அதற்குள் சுகாதாரப் புதுமைப் பிரிவு என்று ஓர் அறை. அந்த அறை நிறைய ஒரு காட்டெருமை; அவர்தான் அதிகாரி. கோடை லீவில் அவரிடம் வேலை பழக வந்தாள் வஞ்சி என்ற கல்லூரிக் கீரிப்பிள்ளை. அவர் சான்றிதழ் தந்தால்தான் அவளுக்குக் கடைசி வருஷப் படிப்பு.

"ஏதாவது புதுமை பண்ணும்மா. என்னை மட்டும் எழுப்பாதே" என்றார் அதிகாரி.

வஞ்சி வெளியே வந்து பார்த்தாள். தடுப்பூசிக்கு வந்த தாய்மார் வரிசை, உச்சி வெயிலில் ஆற்றங்கரை வரை நின்றது. குட்டிகள் அழுத அழுகையில் காது அடைத்தது. நடுவில் ஆந்தையக்கா நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, உனக்குப் பகல்ல கண்ணு தெரியாதே, ராத்திரி வரக்கூடாதா?"

"மத்தியானம்தான் ஊசின்னுட்டாங்க கண்ணு. போன தடவை தூக்கக் கலக்கத்துல காக்காக் குஞ்சைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

வஞ்சி நர்ஸ் கொக்கிடம் பேசினாள். மானும் முயலும் காலையில் வரட்டும். ஆந்தையும் வௌவாலும் பொழுது சாய்ந்து வரட்டும். அவ்வளவுதான், வரிசை இருந்த இடம் தெரியவில்லை.

அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "வரிசை ஒழிப்புத் திட்டம்" என்று பேனர் கட்டி, மந்திரி சிங்கத்தைத் திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார். விழாவன்று காலை ஊசி முடிந்த பிறகு வாசலை எட்டிப் பார்த்தால் ஈ, காக்கை இல்லை.

"வரிசை எங்கேம்மா?"

"அதைத்தான் ஒழிச்சிட்டோமே சார்!"

"அடிப்பாவி! அப்போ மந்திரி வந்து எதை ஒழிப்பாரு? போய் எல்லாரையும் கூட்டிட்டு வா. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது."

வஞ்சி வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மத்தியானம் பழையபடி ஆற்றங்கரை வரை வரிசை. மந்திரி ரிப்பன் வெட்டினார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம திட்டத்துக்கு இவ்வளவு வரவேற்பா! இனிமே தினமும் இதே மாதிரி நடக்கட்டும்."

"உத்தரவுங்க" என்றார் அதிகாரி.

வஞ்சி ஓடிவந்தாள். "சார், என் சான்றிதழ்?"

"வரிசையில வாம்மா."

அவள் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் குஞ்சோடு ஆந்தையக்கா. குஞ்சுக்கு ஊசி போட்டு முடித்ததும் அக்கா கண்ணை மூடியபடியே திரும்பி, "வா செல்லம், வீட்டுக்குப் போலாம்" என்று வஞ்சியை இடுக்கிக்கொண்டு பறந்தாள்.

ஊசி மேசைக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி, தலை நிமிராமல் சான்றிதழை நீட்டினார். அங்கேயே நின்றுவிட்ட ஆந்தைக் குஞ்சு வாங்கிக்கொண்டது.

நீதி: எந்தத் தொல்லையை ஒழித்தாலும், திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு ஒழிக்கவும்.