அப்பாவின் பென்ஷனுக்காக நான் சட்டையைக் கழற்றிய நாள்

சர்க்காரிடம் மொத்தமாகப் பணம் வாங்க வேண்டுமென்றால், இன்னும் வெகுநாள் உயிரோடு இருக்கப் போகிறோம் என்று முதலில் அவர்களை நம்பவைக்க வேண்டும். உடம்பு சரியில்லை, அதனால் பணம் வேண்டும் என்பவருக்குக் கொடுக்க மாட்டார்கள். குத்துக்கல் மாதிரி இருப்பவருக்குக் கொடுப்பார்கள். பென்ஷனில் ஒரு பகுதியை நிரந்தரமாக விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரே தொகையாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இதுதான் விதி. அந்த விதியை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். எதையும் வரிவரியாகப் படிப்பவன் நான். அப்படிப்பட்டவன்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பா தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றார். ஸ்ரீரங்கத்தில், கோயிலின் வடக்கு மதிலைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. அக்காவின் கல்யாணத்தில் சேமிப்பெல்லாம் கரைந்திருந்தது. அப்பாவின் பென்ஷனும் கலெக்டர் கச்சேரியில் என் குமாஸ்தாச் சம்பளமும் மாதத்தை எப்படியோ தள்ளிக்கொண்டு போயின. ஆனால் அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன், அறை வாடகை, பிறகு கண்ணாடி என்று அவர் சொன்ன தொகைக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி அப்பாவின் உடம்புதான். சர்க்கார் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ‘தேறும்’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா ஒருநாளும் புலம்பியதில்லை. "எல்லாம் பனிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குடா. அதுவும் அழகாத்தான் இருக்கு" என்பாள். நடை ஓசையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். எனக்கு அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம், "என் பிள்ளைக்குக் கருகருன்னு முடி. அவங்க அப்பா மாதிரி" என்று சொல்வாள்.

(இருபத்துநாலு வயதிலேயே எனக்கு நரைக்க ஆரம்பித்திருந்தது. இருபத்தெட்டில் தலை முழுவதும் வெள்ளை. அம்மாவின் கண்ணில் பனி இறங்கியதும் என் தலையில் பனி இறங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

பரிசோதனைக்கு நாள் குறித்து உத்தரவு வந்ததும் அப்பாவுக்கு ஒரு ஒழுங்குமுறை வகுத்தேன். காலையில் கொள்ளிடக்கரை வரை நடை, பிறகு கேழ்வரகுக் கஞ்சி, பகலில் தூக்கம் கூடாது, புளியோதரை அறவே கூடாது. அப்பா மறுக்கவில்லை. நடை, கஞ்சி இரண்டையும் ஏற்றுக்கொண்டார். தூக்கத்தையும் புளியோதரையையும் விடவில்லை. பெஞ்சு, பாய், ஓடுகிற வண்டி, எங்கே தலை சாய்ந்தாலும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அவருடைய இருதயத்தைப் பற்றி ராத்திரியெல்லாம் கவலைப்பட்டவன் நான். அந்த ஒரு மாதத்தில் அவர் கன்னத்தில் சதை போட்டது. என் கன்னம் உள்ளே போனது.

மார்கழி மாதம். விடியும்போதே குதிரை வண்டி வைத்துக்கொண்டு கிளம்பினோம். காவேரிப் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது ஆறும் இல்லை, கரையும் இல்லை. பனி மட்டும் இருந்தது. குதிரையின் பிடரிக்கு அப்பால் உலகம் முடிந்துவிட்டிருந்தது. எங்கேயோ கீழே துணி துவைக்கிற ஓசை. யாரோ தண்ணீருக்குள் நின்று பாடுகிற குரல். எதிரே மலைக்கோட்டை, அடியில் மலையே இல்லாமல், உச்சிப்பிள்ளையார் கோயில் மட்டும் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. அம்மா நாள் முழுவதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது தோன்றியது. அவள் சொன்னது உண்மை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நமக்கு வெயில் ஏறினால் விலகிவிடும். அவளுக்கு?

அப்பாவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்த உடனே விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார். வெகு நேரம் கழித்து வாசலில் நின்ற சேவகர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். தோளைத் தொட்டேன், உலுக்கினேன். அவர் முகத்தில் ஒரு புன்னகை மட்டும் வந்தது. ஒரு நிமிஷம் அவகாசம் கேட்கலாம் என்று, கழுத்தில் சுற்றிய மப்ளரோடு நான் உள்ளே போனேன்.

டாக்டர் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். (உத்தரவு என்றால் என் உடம்பு முந்திக்கொள்ளும்.) வாயைத் திறந்தேன். திறந்த வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை. தெர்மாமீட்டர் போனதும், "நாக்கை நீட்டுங்க." நாக்கு உள்ளே வந்ததும், "சட்டையைக் கழற்றுங்க, மூச்சை இழுங்க, பேசக் கூடாது." மார்பில் குழாயின் வட்டம் ஐஸ்கட்டி மாதிரி ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்துக் கிளைகள் பனியில் கரைந்து, வந்து, கரைந்துகொண்டிருந்தன. எனக்குப் பயம்கூட மங்கலாகத்தான் இருந்தது. என்னை எதற்குப் பார்க்கிறார் என்று யோசித்தேன். விதியில் நான் படிக்காத ஒரு வரி இருக்க வேண்டும். முதலில் மகனைப் பார்த்து வம்சத்தின் வலுவைத் தெரிந்துகொள்கிறார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். செய்ததோடு நில்லாமல், குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற மூச்சைப் பலமாக இழுத்தேன். இருமல் வந்துவிட்டது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "வயசு ஐம்பத்தஞ்சு... ம். பார்த்தாலே தெரியுது. சர்வீசிலே ரொம்ப உழைச்சுட்டீங்க, பெரியவரே."

ஏதோ எழுதினார். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, "வருத்தப்படாதீங்க. இந்த உடம்புக்கு மொத்தப் பணம் கொடுக்கச் சொல்லி என்னால சிபாரிசு பண்ண முடியாது. மாசா மாசம் வர்றதை வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க. பேசலாம், சட்டையைப் போட்டுக்கங்க" என்றார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டேன்: "அப்பாவை எப்போங்க கூப்பிடுவீங்க?"

டாக்டரின் பேனா நின்றது. "உங்களுக்கு அப்பா வேற இருக்காரா!"

"இருக்காருங்க. வெளியில தூங்கறாரு."

"அவருக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தஞ்சுங்க."

டாக்டர் காகிதத்தில் இருந்த வயதையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆள் மாறாட்டமா? சர்க்காரை ஏமாத்தப் பார்க்கறியா? போலீசைக் கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா? உன் அப்பாவுக்கு ஒரு காசு பேராது!"

வாய் சும்மா இருக்கிறபோது பேச்சு வராது என்பதை அன்றுதான் கண்டேன். என் கண்ணுக்கு முன்னால் அம்மா நின்றாள்; பனி விலகாமலே நின்றாள்.

காப்பாற்றியது வாசலில் நின்ற சேவகர். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஆள் மாறாட்டம் பண்றவன் பயில்வானா பார்த்துக் கூட்டிட்டு வருவான். இவரையா கொண்டு வருவான்?" என்றார்.

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அந்த வாதத்துக்கு என் உடம்பில் பதில் இல்லை. எழுதிய காகிதத்தைக் குறுக்கே கிழித்தார். அவர் தோள் மெல்ல மெல்லக் குலுங்கியது. "அந்தத் தூங்கறவரைக் கொண்டாங்க" என்றார்.

சேவகர் இரண்டு தடவை உலுக்கியதில் அப்பா எழுந்து வந்தார். கருகருவென்ற தலையும், அப்போதுதான் மலர்ந்த பூ மாதிரி முகமுமாக நின்று, "நல்ல கனவுங்க. என் சம்சாரம் பாலத்துல போற வண்டியில எல்லாம் எழுதியிருக்கறதைப் படிச்சுக்கிட்டே வந்தா" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கோயில் மணி கேட்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். "ஆஸ்பத்திரி பெஞ்சில இப்படித் தூங்கற மனுஷனுக்கு என்ன குறை இருக்கப் போவுது" என்று சொல்லி, புதுக் காகிதத்தில் ‘தேறும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவர் காகிதத்தைத்தான் கிழிச்சேன். உன்னைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கலை. தினம் பால் குடி. பாலத்து மேல நட. தூங்கறதுக்கு அப்பாகிட்ட பாடம் கேளு."

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது: ‘பனி. காரியம் முடிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தவறிவிட்டது.’

பணம் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்து அம்மாவின் கண்ணாடியும் தயாரானது. அப்பா மத்தியானம் போய் வாங்கிவந்து மாட்டிவிட்டு, கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். இதொன்றும் தெரியாமல் சாயங்காலம் நான் கச்சேரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் காய்கிற புடவை, எதிர்வீட்டுக் கோலம், போகிற மாட்டின் கொம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கிற அவசரத்தில் அன்று காதை மறந்தே போயிருந்தாள். என் நடை ஓசை அவளுக்கு எட்டவில்லை.

எதிரில் வந்து நின்றேன். அம்மா சட்டென்று எழுந்து முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க. உட்காருங்க. அவரு கடைத்தெருவுக்குப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. நீங்க அவரோட வேலை பார்த்தவங்களா?"

உட்கார்ந்துவிட்டேன். சொன்னேனே, என் உடம்பு அப்படி.

"அம்மா" என்றேன்.

குரல் தெரிந்தது. கிட்டே வந்து, பழைய வழக்கப்படி கையால் என் தலையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் புதுக் கண்ணால் பார்த்தாள். "எப்பலேருந்துடா?"

"நாலு வருஷமா."

அவள் கண் நிறைந்து கண்ணாடி மங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அடப்பாவி! ஊரெல்லாம் கருகருன்னு சொல்லி வச்சிருக்கேனேடா!" என்று சொல்லிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கும் நான் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தால் அம்மா, "வாங்க, உட்காருங்க. யாரைப் பார்க்கணும்?" என்பாள். என் மனைவியும் கற்றுக்கொண்டுவிட்டாள், குழந்தைகளும்.

இன்னும் சில வருஷத்தில் எனக்கும் ஓய்வு. அம்மாவுக்கு அப்பா செய்தது போல நானும் பென்ஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வீட்டுக் கூரையை மாற்ற வேண்டியிருக்கும். மறுபடி டாக்டர், மறுபடி குழாய். போன வாரம் இந்தக் கவலையை அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தைந்து தாண்டிவிட்டவர், கண்ணை மூடியபடி படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"கவலைப்படாதேடா" என்றார் கண்ணைத் திறக்காமல். "இந்தத் தடவை நீ பெஞ்சில தூங்கு. நான் உள்ளே போறேன்."