பால்காய்ச்சியின் ஆறாவது வீடு

எட்டே மாதத்தில் ஆறு வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்த ஒரே மனிதர் தி.நகரில் எனக்குத் தெரிந்து பால்காய்ச்சிதான். கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எங்கள் தமிழ் டைப்பிங் மென்பொருள் ரொம்பப் பழசு, புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி அதில் ஏற்றியிருந்தோம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பால்காய்ச்சி அதை வீடு என்பார். கொஞ்சம் மெதுவாக ஓடினால் போதும், வீட்டையே அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். ராகுகாலத்தில் எந்த பட்டனையும் அழுத்தமாட்டார். மென்பொருள் ஏறி முடிந்ததும், வெந்நீர் வைக்கிற எலக்ட்ரிக் கெட்டிலில் பால் காய்ச்சுவார். "பொங்கினாதான்மா குடித்தனம் வெளங்கும்" என்று பக்கத்திலேயே நிற்பார். மூன்று கெட்டில் கருகிப்போயின. முதலாளி அவரை வாய் நிறையத் திட்டிவிட்டு, அந்தப் பாலில் போட்ட காபியையே குடிப்பார்.

ஒரு வியாழக்கிழமை நான் வசமாக மாட்டினேன். ஒரு பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஆறு மணி என்பதை மாலை ஆறு என்று அடித்திருந்தேன். சாப்பாட்டு வேளையில் கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரிப் பிரதியில் கண்டுபிடித்து போன் செய்தார். நாலு மணிக்குள் அந்தப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன், மூன்றாவதற்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஓடிப்போய் ஃபைலைத் திறந்தால் திறக்கவில்லை. அன்று காலையில்தான் பால்காய்ச்சி ஐந்தாவது வீட்டை இடித்துவிட்டு ஆறாவதைக் கட்டியிருந்தார். மென்பொருளோ ஆக்டிவேட் ஆக மறுத்தது.

பால்காய்ச்சி மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டார். எடுத்த பெண், லைசென்ஸ் ஐந்து மெஷினுக்குத்தான், ஐந்தும் தீர்ந்துவிட்டது என்றாள்.

"அதெல்லாம் இடிச்சிட்டேம்மா. இப்ப ஒண்ணுலதான் கீறேன்."

"இடிக்கிறதுக்கு முன்னாடி டீஆக்டிவேட் பண்ணீங்களா சார்?"

"இடிக்கிற வீட்டுக்கு இன்னாத்துக்குமா பூட்டு?"

அவள் பொறுமைசாலி. சாவியைத் திருப்பிக் கொடுக்காததால், அவர்கள் பதிவில் இவர் இன்னும் ஐந்து வீட்டிலும் குடியிருக்கிறார் என்று இவர் பாஷையிலேயே விளக்கினாள். மெயில் அனுப்பினால் இரண்டு நாளில் சரியாகும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியாக அவள், அழிக்காத பழைய மெஷின் ஒன்றாவது இருக்கிறதா, அதில் இன்னும் வேலை செய்யுமே என்று கேட்டாள்.

பால்காய்ச்சி போனை வைத்தார். டிராயரின் அடியிலிருந்து, கர்ச்சீப்பில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்து மாட்டினார். மணி இரண்டு, நல்ல ராகுகாலம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்து பட்டனை அழுத்தினார். திரையில் மெஷினின் பெயர் வந்தது: 'கல்பனா வீடு'.

கல்பனா நான்தான்.

"நீ வேலைக்குச் சேந்த அன்னிக்குக் கட்டுனதும்மா" என்றார், தன் திருட்டை நான் கண்டுபிடித்துவிட்டது போல. "மொத மொதல்ல நீ டைப் பண்ண பக்கம் உள்ளதான் கீது. இடிக்க மனசு வர்ல."

மென்பொருள் ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. மாலையைக் காலையாக்கினேன். மூன்றே காலுக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போய்விட்டது. முதலாளிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பால்காய்ச்சி இப்போது சைதாப்பேட்டையில் சொந்தக் கடை வைத்துச் சௌக்கியமாக இருக்கிறார். போன வாரம் நான் புது லேப்டாப் வாங்கினேன். எதையும் ஏற்றுவதற்கு முன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். அவர் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.